ஒரே ஓனர், திறந்த கூரை

ஐம்பது தாண்டிய ஆணுக்கு வரும் வியாதிகளில் சர்க்கரைக்கு மாத்திரை இருக்கிறது. மேல் திறக்கும் கார் ஆசைக்கு இல்லை. எனக்கு அது சின்ன வயதில், டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்திருந்தபோதே தொற்றியது. திரையில் கதாநாயகன் திறந்த காரில் மலைப்பாதையில் பாடிக்கொண்டே போவார். ரோட்டைப் பார்க்கவே மாட்டார். மாடு குறுக்கே வராது, டவுன் பஸ் எதிரே வராது. பெட்ரோல் யார் போட்டார்கள் என்று கேட்கவும் அந்த வயதில் தோன்றவில்லை.

நான் தேடிப்போனது மினி கூப்பர் கன்வர்ட்டிபிள், 2013 மாடல். பழசுதான், புதுசு வாங்கும் குடும்பத்தில் நான் பிறக்கவில்லை. இந்த மினிக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1956இல் சூயஸ் கால்வாய்ச் சண்டையால் இங்கிலாந்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. கொஞ்சமாகக் குடிக்கிற, நாலு பேர் போகிற வண்டி வேண்டுமென்று அலெக் இசிகோனிஸ் என்ற எஞ்சினியரிடம் கேட்டார்கள். அவர் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பிவைத்து, பத்தடி நீளத்துக்குள் நாலு பேரை உட்கார வைத்துவிட்டார். 1959இல் சந்தைக்கு வந்தது. அதன் பேரப்பிள்ளைகளை 2001இலிருந்து பி.எம்.டபிள்யூ. தயாரிக்கிறது.

“சிக்கனத்துக்காகவே பொறந்த வண்டி” என்று மனைவியிடம் சொன்னேன். “என்ன விலை?” என்றாள். அதை இங்கே எழுதப்போவதில்லை. அவளிடம் சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று. அவளும் இந்த இதழைப் படிப்பவள்.

ஈ.சி.ஆர். பக்கம் ஓர் அடுக்குமாடியில் வண்டி நின்றது. விற்பவர் அரை டிராயரில் வந்தார். “ஒரே ஓனர் சார். வாரக் கடைசியில மட்டும்தான் எடுப்பேன்” என்றபடி பொத்தானை அழுத்தினார். துணிக்கூரை மடிந்து மடிந்து பின்னால் போய் உட்காரப் பதினைந்து விநாடி. வாட்ச்மேன் எழுந்து நின்றுவிட்டார். நான் அந்தப் பதினைந்து விநாடியிலேயே விழுந்தேன். பேரம் பேசுகிறவன் முகத்தில் காட்டக் கூடாதது எல்லாம் என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்; ஆயிரம் ரூபாய்கூடக் குறையவில்லை.

அந்த வண்டியில் ஒரு விசித்திரமான மீட்டர் உண்டு. கூரையைத் திறந்துவைத்து எவ்வளவு நேரம் ஓட்டினோம் என்று கணக்கு வைக்கும். அவர் மொத்தக் கணக்கை எடுத்துக் காட்டினார்: 140 மணி நேரம். சென்னையில் 140 மணி நேரம் கூரையைத் திறக்க ஒரு மனிதனுக்கு எங்கே வாய்க்கும்? சித்திரை வைகாசியில் திறந்தால் அப்பளம் ஆகலாம். ஐப்பசி கார்த்திகையில் திறந்தால் அண்டா ஆகலாம். நடுவில் தை மாதத்து விடிகாலைகள் சில இருக்கின்றன, அதுவும் குப்பை லாரிக்குப் பின்னால் மாட்டாமல் இருந்தால். வாழ்க்கையை அனுபவிக்கத் தெரிந்த மனிதர் என்று அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதையே வந்துவிட்டது.

அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் மெக்கானிக்கை அழைத்துப்போனேன். நிச்சயதார்த்தம் முடித்துவிட்டு ஜாதகம் பார்க்கிற மாதிரி. அவர் டிக்கியைத் திறந்து, “ஸ்டெப்னி எங்க சார்?” என்றார். இந்த டயருக்கு ஸ்டெப்னி கிடையாது, காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் என்று படித்துவைத்ததைச் சொன்னேன். “கொஞ்ச தூரம்னா?” என்றார். அதற்கு மேல் நான் படித்திருக்கவில்லை.

பிறகு சீட்டுக்கு அடியில் கையை விட்டார். வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் காய்ந்த ரோஜா இதழ்கள். மறுபடி விட்டார், செவ்வந்தி. மூன்றாம் முறை கொஞ்சம் ஜிகினாவும் இரண்டு கல்கண்டும் வந்தன. முகர்ந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: “ஆக்சிடென்ட் வண்டி இல்ல சார். கல்யாண வண்டி.”

மாப்பிள்ளை அழைப்பு! கோயிலிலிருந்து மண்டபம் வரை, நாகஸ்வரத்துக்குப் பின்னால், ஆள் நடக்கும் வேகத்தில். ஊர்வலத்துக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தால் எழுபது மாப்பிள்ளைகள். விற்பவர் கூச்சப்படவே இல்லை. “சொந்தக்காரங்க கேட்டா எப்படி சார் மறுக்கிறது?” என்றார். இவருக்கு எவ்வளவு பெரிய சொந்தம் என்று வியந்தபடி பாரம் 29, பாரம் 30இல் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். “ஊர்ல ஓட்டு வீடு ஒழுகுதுன்னுதானேடா மெட்ராசுக்கே வந்தோம்? இப்ப காசு குடுத்துக் கூரையத் திறக்கிறியா?” என்றாள். எதிர்வீட்டுக்காரர் கேட்டில் சாய்ந்துகொண்டு, “சார், எந்தத் தொகுதி?” என்றார். மனைவி ஒன்றும் சொல்லாமல் முன்சீட்டில் ஏறினாள். அங்கேதான் இன்னொரு சிக்கல். இந்த வண்டியில் வேகமானி டிரைவருக்கு நேரே இல்லை; நடு டேஷ்போர்டில் சாப்பாட்டுத் தட்டு அளவில் இருக்கிறது. 1959 வண்டியிலும் நடுவில்தான் இருந்ததாம். இசிகோனிஸ் குடும்பஸ்தராக இருந்திருந்தால் அப்படி வைத்திருக்க மாட்டார். “அறுபத்தி ரெண்டு” என்றாள் அவள். நான் குறைத்தேன்.

முதல் மாதத்தில் நான் திறந்து ஓட்டியது நாற்பது நிமிடம். அதில் பத்து நிமிடம் மத்திய கைலாஷ் சிக்னல். பக்கத்தில் நின்ற மாநகரப் பேருந்தின் ஜன்னலோரப் பயணிகள் என் வழுக்கையை மேலிருந்து ஆற அமரப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், “தொப்பி போட்டுக்கோ தம்பி” என்றார்.

இரண்டாம் மாதம் சித்தப்பா கூப்பிட்டார். “நம்ம பையனுக்கு ஜானவாசம். உன் வண்டி இருக்கே!” மறுக்க வாய் வரவில்லை. பின்சீட்டில் மாப்பிள்ளை, அவரைச் சுற்றி நண்டும் சிண்டுமாக ஏழு பேர், அதில் இரண்டு பேர் என் மடித்த கூரைமேல். நான் கத்தியது தவிலில் கேட்கவில்லை. முன்சீட்டில் யார் என்று பார்த்தால் அம்மா, மடியில் பூக்கூடையோடு. தெருவே தன்னைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, “கொஞ்சம் மெதுவாத்தான் போயேண்டா” என்றாள். அதைவிட மெதுவாகப் போனால் வண்டியை நிறுத்த வேண்டும்.

அதன் பிறகு பெரியம்மா பேரன், மச்சினனின் ஆபீஸ் நண்பர், எதிர்வீட்டுத் தொகுதிக்காரரின் மருமகன். போன வாரம் சர்வீசுக்கு விட்டபோது மெக்கானிக் ஒரு கைப்பிடி இதழ்களை என்முன் நீட்டினார். “பழசா?” என்றேன். “இல்ல சார், இது நம்மளுது. வாசம் இருக்கு.”

இப்போது வண்டியை விற்றுவிடலாமா என்று ஒரு யோசனை. விளம்பரத்துக்கு வாசகம்கூட எழுதிவிட்டேன்: ‘வாரக் கடைசியில் மட்டும் எடுத்தது.’ பொய் இல்லை. முகூர்த்தம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, ஜானவாசம் சனி சாயங்காலம்.