தள்ளுபடி போக மீதி

எனக்குக் கணக்கு வராது என்பது என் கணக்கு வாத்தியாருக்கு அந்தக் காலத்திலேயே தெரியும். ஆன்லைனில் புத்தகம் விற்கிறவர்களுக்குத் தெரிந்துபோனது சமீபத்தில்தான்.

நீங்களும் நம்ம கட்சிதான் என்று நினைக்கிறேன். ஒரே புத்தகத்துக்கு நாலு டேப் திறந்து வைத்துக்கொண்டு, நாற்பது ரூபாய் மிச்சம் பிடிக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிக்கிற கட்சி. சந்தா எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைதான் போகும்.

என் வினைக்கு நான் வாங்க நினைத்தது 'பொன்னியின் செல்வன்'. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அச்சடிக்கிறார்கள். கெட்டி அட்டை, சாதா அட்டை, படம் போட்டது, படம் போடாதது, ஒரே கட்டாக, பாகம் பாகமாக. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை, ஒவ்வொரு கடையிலும் அதற்கு வேறொரு விலை. 1950-ல் தொடங்கி 1954 வரை அது 'கல்கி' இதழில் தொடராக வந்தபோது, அடுத்த வாரம் வந்தியத்தேவன் என்ன ஆவான் என்று ஜனங்கள் தவித்தார்களாம். நானும் தவித்தேன். அடுத்த வாரம் சேல் போடுவார்களா என்று.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ள முடியாது என்று எக்செல் ஷீட் ஒன்று போட்டேன். கடை, விலை, தள்ளுபடி, டெலிவரி சார்ஜ், எத்தனை நாளில் வரும் என்று கட்டம் கட்டமாக. மலிவான கடைக்குப் பச்சை வர்ணம்கூட அடித்தேன். பணம் கட்டப் போகும்போதுதான் கவனித்தேன், கூட்டல் ஃபார்முலாவில் டெலிவரி சார்ஜ் கட்டத்தைச் சேர்க்கவே இல்லை. ஷீட் மட்டும் பார்க்க அழகாக இருந்தது.

டெலிவரி சார்ஜ் என்றாலே எனக்கு ஒரு ரோஷம். முன்பு வேறொரு புத்தகம் வாங்கிய கடையில் 499 ரூபாய்க்கு மேல் வாங்கினால் டெலிவரி ஃப்ரீ. என் பில் 420. நாற்பது ரூபாய் டெலிவரிக்குக் கட்டுகிறவன் ஏமாளி என்று, நூற்றிருபது ரூபாய்க்கு ஆடு வளர்ப்பு பற்றிய கையேடு ஒன்றைச் சேர்த்து வாங்கினேன். நல்ல புத்தகம்தான். மூன்றாவது மாடியில் வளர்ப்பது எப்படி என்று மட்டும் அதில் போடவில்லை.

இந்த வியாதி எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். பிரான்ஸில் இதற்குச் சட்டமே போட்டிருக்கிறார்கள். புத்தகத்துக்குப் பதிப்பாளர் வைத்ததே விலை, கடைக்காரர் ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்று 1981-லேயே சொல்லிவிட்டார்கள். ஆன்லைன்காரர்கள் டெலிவரியை ஃப்ரீயாகக் கொடுக்கக் கூடாது என்று 2014-ல் இன்னொரு சட்டம் வந்தது. அமேசான் சட்டத்தை மதித்து ஒரே ஒரு சென்ட் வாங்கியது. பார்த்தார்கள், 2023 அக்டோபரிலிருந்து 35 யூரோவுக்குக் குறைந்த ஆர்டருக்குக் குறைந்தது 3 யூரோ டெலிவரி சார்ஜ் என்றாக்கிவிட்டார்கள். நான் பாரிஸில் பிறந்திருந்தால் இந்நேரம் பிரெஞ்சு மொழியில் ஆடு வளர்த்துக்கொண்டிருப்பேன்.

சரி, பெரிய கடைகளே வேண்டாம், பதிப்பகத்திலேயே நேரடியாக வாங்குவோம் என்று இறங்கினேன். வாட்ஸ்ஆப்பில் கேட்டால் விலை சொல்வார்கள். ஜிபே பண்ணிவிட்டு ஸ்கிரீன்ஷாட்டும் முகவரியும் அனுப்பினால் வேலை முடிந்தது. கூரியரா, போஸ்டா என்று கேட்டார்கள். அஞ்சல் துறை 2025 மே மாதத்திலிருந்து புத்தகங்களுக்கென்று 'கியான் போஸ்ட்' நடத்துகிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், அதிகபட்சம் ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. இதைப் படித்திருந்த தெம்பில், புத்தகம் எத்தனை கிராம் வரும் என்று கேட்டேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் 'டைப்பிங்' என்றே காட்டிக்கொண்டிருந்தது. பிறகு பதில் வந்தது: "சார், புத்தகம் எப்படி இருக்கும்னு கேப்பாங்க. நீங்கதான் எடை கேக்குறீங்க." அங்கே மேற்கொண்டு பேச எனக்கு வாய் வரவில்லை.

நேரில் போனால் மட்டும் திருந்திவிடுவேனா? நந்தனம் புத்தகக் காட்சியில் எல்லா ஸ்டாலிலும் பத்து சதவீதம் தள்ளுபடி. பத்துதானா என்று ஒரு ஸ்டாலில் நின்றபடியே போனை எடுத்து ஆன்லைன் விலை பார்த்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போனைத் தூக்கிப் பிடித்தேன், சாய்த்துப் பிடித்தேன். ஸ்டால் பையன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "சார், இங்க சிக்னல் வராது. அந்தக் கடைசில, பாத்ரூம் பக்கமா போய் நின்னா விலை தெரியும்" என்றான். போனேன். தெரிந்தது. அதற்குள் ஸ்டாலை மூடிவிட்டார்கள்.

விலை ஒப்பிடுவதில் என்னைவிடத் தீவிரமானவர்கள் உண்டு என்பது ஒரு ஆறுதல். 2011 ஏப்ரலில் அமெரிக்க அமேசானில் 'தி மேக்கிங் ஆஃப் எ ஃப்ளை' என்ற ஈயைப் பற்றிய உயிரியல் நூலின் விலை 2,36,98,655 டாலர் 93 சென்ட் வரை போனது. விற்றவர்கள் இரண்டு பேர். ஒருவரின் மென்பொருள் எதிராளி விலையைவிட ஒரு துளி குறைத்து வைக்கும். மற்றவரின் மென்பொருள் அதைப் பார்த்து 1.27 மடங்கு ஏற்றி வைக்கும். தடுக்க மனிதர் யாரும் இல்லாததால் இரண்டும் மாறி மாறி ஏறிப் போய்விட்டன. எனக்கு அதில் மலைப்பாக இருந்தது அந்த இரண்டு கோடி இல்லை. அதற்குமேல் 3 டாலர் 99 சென்ட் டெலிவரி சார்ஜும் கேட்டிருந்தார்கள்.

இவ்வளவு அனுபவத்துக்குப் பிறகு எனக்கு ஒரு ஞானோதயம் வந்தது. ஐந்து பாகத்தையும் ஒரே இடத்தில் ஏன் வாங்க வேண்டும்? எது எங்கே மலிவோ அதை அங்கே வாங்கினால் என்ன? முதல் இரண்டு பாகம் ஒரு கடையில், மூன்று இன்னொரு கடையில், நாலும் ஐந்தும் வேறொரு கடையில் என்று ஆர்டர் போட்டேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். அதுதான் கடைசி.

மறுநாளிலிருந்து போன்.

"சார், லேண்ட்மார்க் சொல்லுங்க."

"அம்மன் கோயில் எதிர்ல தம்பி."

"அம்மன் கோயில் வாசல்லதான் சார் நிக்கிறேன்."

"எந்த அம்மன்?"

போர்டைப் படிக்கிற அமைதி. "எல்லையம்மன் சார்."

எங்களுக்கு நாகாத்தம்மன். எங்கள் ஏரியாவில் தெருவுக்கு ஒரு அம்மன். அந்தப் பையன் சுற்றி வருவதற்குள் நானே போய்விடலாம் என்று வண்டியை எடுத்தேன். டெலிவரி ஃப்ரீதான், பெட்ரோல் மட்டும் என்னுடையது.

பார்சல் எல்லாம் வந்தபிறகு மேஜையில் வரிசையாக அடுக்கினேன். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. புது வெள்ளம் இருந்தது, சுழற்காற்று இருந்தது, மணிமகுடம் இருந்தது. தியாக சிகரம் இரண்டு இருந்தது. கொலைவாள் இல்லை.

நடந்தது இதுதான். அந்த இரண்டாவது கடைக்காரர் ஐந்து பாகத்தையும் மூன்று தொகுதியாகக் கட்டி விற்கிறவர். ஒன்றும் இரண்டும் முதல் தொகுதி, மூன்றும் நாலும் இரண்டாம் தொகுதி, கடைசிப் பாகம் மட்டும் மூன்றாம் தொகுதி. 'தொகுதி 3' என்று தெளிவாகவே போட்டிருந்தார். தொகுதியும் பாகமும் ஒன்று என்று முடிவுகட்டியது நான். விலையைத்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேனே தவிர, பெயரைப் படிக்கவில்லை.

இந்தக் கதையை ஆபீஸில் சொன்னபோது, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டது: "மதுரைத் திட்டத்துல ஃப்ரீயா இருக்கே சார், பாக்கலையா?" 1998-லிருந்து தமிழ் நூல்களை மின்னூலாக்கி இலவசமாகக் கொடுத்துவருகிறார்களே, அந்த மதுரைத் திட்டம். ஐந்து பாகமும் இருக்கிறது. என் எக்செல் ஷீட்டில் பூஜ்யம் ரூபாய்க்கு வரிசையே போடவில்லை. உடனே கொலைவாளை இறக்கி, ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுக்க எவ்வளவு ஆகும் என்று விசாரித்தேன். கடைக்காரர் சொன்ன தொகைக்கு அச்சிட்ட புத்தகத்தையே வாங்கி, மீதியில் டிபனும் சாப்பிடலாம்.

உபரி தியாக சிகரத்தையாவது காசாக்குவோம் என்று அபார்ட்மென்ட் குரூப்பில் போட்டேன்: 'புத்தம் புதியது, பாதி விலை.' பி பிளாக் பையன் ஒருவன் பதிலுக்கு லிங்க் அனுப்பினான். "அங்கிள், இதைவிடக் கம்மியா இங்க இருக்கே." திறந்து பார்த்தேன். நான் வாங்கி முடித்த கையோடு சேல் போட்டிருக்கிறார்கள்.

அதே பக்கத்தில் கொலைவாளும் இருந்தது, ஒரே ஒரு பிரதி. பாகம்தானா என்று கண்ணாடி போட்டுப் பார்த்து கார்ட்டில் சேர்த்தேன். டெலிவரி ஃப்ரீயாக இன்னும் நூற்றி எண்பது ரூபாய்க்கு வாங்க வேண்டுமாம். நீங்கள் விரும்பக்கூடியவை என்று கீழேயே ஒன்று காட்டியது. நாட்டுக்கோழி வளர்ப்பு.