குறுக்கே நிற்பவர் வாழ்க

ஸ்பெயினின் பில்பாவோ நகரில், நெர்வியோன் ஆற்றங்கரையில், குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்கு வெளியே ஒரு வெண்கலச் சிலந்தி நிற்கிறது. உயரம் 9.27 மீட்டர். எட்டுக் கால்களையும் அகட்டி அது வளைத்துப் போட்டிருக்கும் இடத்தில் தாராளமாக ஒரு பந்தி போடலாம். லூயீஸ் பூர்ஷ்வா 1999இல் உருவாக்கிய இந்தச் சிற்பத்தின் பெயரைத் தமிழில் எழுதினால் 'மாமன்' என்று வந்து உறவுமுறையே மாறிவிடும். பிரெஞ்சில் அதற்கு 'அம்மா' என்று பொருள். இதுபோன்ற ராட்சதச் சிற்பங்களைப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு உலகெங்கும் ஒரே பிரச்சினைதான். இவர் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் விலகட்டும் என்று காத்திருப்பார். அவரும் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இவர் விலகட்டும் என்று காத்திருப்பார். தன் குடும்பத்தைத் தவிர பூமியில் வேறு யாரும் பிறக்கவே இல்லை என்று சாட்சி சொல்லும் ஒரு படம் எல்லோருக்கும் வேண்டும். என் கட்சி இதற்கு நேர் எதிர். குறுக்கே வந்து நிற்கும் அந்த முன்பின் தெரியாத மனிதரை விரட்டக் கூடாது. ஆள் இல்லாவிட்டால் தேடிப் பிடித்தாவது ஒருவரை நிறுத்த வேண்டும். அந்தப் படத்தில் உண்மை பேசுகிற ஒரே ஆள் அவர்.

ஏன் என்று பார்ப்போம். பெரிய கட்டடத்தைப் படம் எடுத்தால் அது தன் அளவைத் தானே சொல்லிவிடும். கதவு இருக்கும், ஜன்னல் இருக்கும், படிக்கட்டு இருக்கும்; கதவு என்றால் ஆள் நுழையும் உயரம் என்று கண் கணக்குப் போட்டுக்கொள்ளும். சிலந்திக்கு ஏது ஜன்னல்? நமக்குத் தெரிந்த சிலந்திகளெல்லாம் குளியலறை மூலையில் குடியிருப்பவை. ஒன்பது மீட்டரும் சுருங்கி உள்ளங்கையளவுத் திரையில் வந்து உட்கார்ந்த பிறகு, பக்கத்தில் ஒரு மனிதரும் இல்லை என்றால், பார்ப்பவர் மனம் தனக்குத் தெரிந்த அளவுக்கே திரும்பிப் போகும். அந்தப் படத்தைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டால், "வீட்டுக்கு மருந்து அடிக்கலையா?" என்றுதான் பதில் வரும். கேட்டவர்மேல் தப்பில்லை. இத்தனை டன் வெண்கலத்தையும் பல்லாயிரம் மைல் பயணத்தையும் ஒட்டடைக் கம்பால் தீரக்கூடிய விஷயமாகக் காட்டியது நம் கைவேலை.

சிலந்தியாவது பரவாயில்லை. ஆஸ்திரேலியாவில் பிறந்த ரான் ம்யூக்கின் சிற்பங்கள் இன்னும் மோசமாக மாட்டிவிடும். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்து ஆரோஸ் அருங்காட்சியகத்தில் அவருடைய 'பையன்' குந்தி உட்கார்ந்திருக்கிறான். உட்கார்ந்த நிலையிலேயே ஏறக்குறைய ஐந்து மீட்டர். தோலின் மடிப்பு, அடியில் ஓடும் நரம்பு என்று ஒன்றும் விட்டுப்போகவில்லை. சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் பொம்மை செய்த கை அது. ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, கச்சிதமாக வெட்டி, நல்ல வெளிச்சத்தில் இவனைப் படம் எடுத்தால் என்ன கிடைக்கும்? அரைக்கால் சட்டை போட்ட ஒரு பையன் குந்தியிருக்கும் படம். அதற்கு டென்மார்க் போக வேண்டியதில்லை, தெருமுனை வரை போனால் போதும். ம்யூக்கின் திறமை எவ்வளவு துல்லியமோ அவ்வளவுக்கு அந்தப் படம் வீண். அவனுடைய கணுக்காலுக்குப் பக்கத்தில், கையேட்டைப் புரட்டிக்கொண்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டியபடி ஒரு பெரியவர் நிற்கிறார் என்று வையுங்கள். அடுத்த நொடியே வயிற்றுக்குள் ஏதோ புரளும். சிற்பி கேட்டது அந்தப் புரளலைத்தான்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. புகைப்படக் கலை தவழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே ஒருவருக்கு இது விளங்கியிருந்தது. பிரெஞ்சுக்காரரான மாக்சிம் த்யு காம், நாவலாசிரியர் ஃப்லோபேரோடு 1849இல் எகிப்துக்குக் கிளம்பினார். நைல் நதியோரக் கோயில்களையும் அபு சிம்பெலில் உட்கார்ந்திருக்கும் ராம்செஸ் அரசனின் மாபெரும் சிலைகளையும் படம் எடுத்தார். அளவு தெரிய வேண்டுமே என்று, படகில் வேலை செய்த ஹாஜி இஸ்மாயில் என்ற மாலுமியை ஏறச் சொல்லிச் சிலையின்மேல் நிறுத்தினார். ஒரு படம் பதிய ஆள் நெடுநேரம் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டிய காலம். மனிதன் என்றால் மூக்கு அரிக்கும், ஈ வந்து உட்காரும். த்யு காம் ஒரு வழி கண்டுபிடித்தார். கேமராவின் பித்தளைக் குழலைக் காட்டி, இது பீரங்கி, நீ அசைந்தால் வெடித்துவிடும் என்று சொல்லிவைத்தார். அவரே பின்னாளில் எழுதியிருக்கும் சங்கதி இது. பாவம், இஸ்மாயில் மூச்சுகூட விட்டிருக்க மாட்டார். கையாண்ட முறை அநியாயம். ஆனால் 1852இல் புத்தகமாக வந்த அந்தப் படங்களில், கல்லின்மேல் கடுகாக ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த உருவத்தைக் கண்டுபிடிக்கும் கணத்தில்தான் ராம்செஸ் மலையாக எழுந்து நிற்கிறார். அகழாய்வு செய்பவர்கள் குழிக்குள் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கோலை வைத்துப் படம் எடுப்பதும் இதே காரணத்துக்காகத்தான். கோலை யாரும், "அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்று கேட்பதில்லை. மனிதனுக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாது.

அருங்காட்சியகங்கள் வெளியிடும் வழவழத் தாள் புத்தகங்களில் ஈ காக்கை இல்லாமல்தானே சிற்பம் நிற்கிறது, அவர்களுக்குத் தெரியாததா என்று கேட்கலாம். அந்தப் படத்தின் அடியைப் பாருங்கள். பொடி எழுத்தில் நீளம், அகலம், உயரம் என்று சென்டிமீட்டர் சுத்தமாக அச்சடித்திருப்பார்கள். படம் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருந்தால் அந்த எண்களுக்கு அங்கே என்ன வேலை? நகைச்சுவைத் துணுக்குக்குக் கீழே 'சிரிக்கவும்' என்று போட்ட கதைதான். தவிர, 927 சென்டிமீட்டரை மனத்துக்குள் உயரமாக மாற்றிப் பார்க்க எல்லோரும் கொத்தனாராக இருக்க முடியாது. ஒரு மனிதர் நின்றால் கணக்கு தானே முடிந்துவிடும். ஆளுக்கு ஆள் உயரம் மாறுமே என்றால், மாறட்டும். ஐந்தடிக்காரர் நின்றாலும் ஆறடிக்காரர் நின்றாலும் சிலந்தி குளியலறைக்குத் திரும்பப் போவதில்லை.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. மனிதரும் பொய் சொல்லுவாரே? தாஜ்மகாலின் உச்சியை இரண்டு விரலால் கிள்ளித் தூக்குகிறவர்களை நாடறியும். உண்மைதான்; எனவே ஆள் எங்கே நிற்கிறார் என்பதில் கண்டிப்பு வேண்டும். ஒரு கணக்கைப் பாருங்கள். அத்தையைக் கேமராவுக்கு முன்னால் இரண்டு மீட்டரில் நிறுத்துகிறோம். சிலந்தி 25 மீட்டர் பின்னால் நிற்கிறது. அத்தையின் உயரம் 1.6 மீட்டர் என்றால், படத்தில் சிலந்தி அத்தையின் உயரத்தில் பாதிகூட இருக்காது. அத்தை ஏதோ செல்லப்பிராணியை வாக்கிங் கூட்டிப்போகிற மாதிரி இருக்கும். அதே அத்தையைச் சிலந்தியின் காலடிக்கே அனுப்பினால், அவரைப் போல ஆறு அத்தைகளை ஒருவர் தலைமேல் ஒருவராக ஏற்றினால்தான் அதன் உயரம் எட்டும் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். என்ன சிக்கல் என்றால், அங்கே போன அத்தையின் முகம் மிளகளவு ஆகிவிடும். புதுப் புடவையின் கரை தெரியாது. "இதுல நான் எங்கடா இருக்கேன்?" என்ற கேள்வி கேட்கப்படும். குடும்ப ஆல்பத்துக்கும் உண்மைக்கும் நடுவே இருக்கும் இந்தப் பழைய பகையைத் தீர்க்க என்னிடம் மருந்து இல்லை. முன்பின் தெரியாதவர் இதனால்தான் உத்தமம். தன் முகம் தெரியவில்லை என்று அவர் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

படம் எடுக்கிறவன் பார்ப்பதே இல்லை, கண்ணை ஃபோனிடம் அடகு வைத்துவிடுகிறான் என்பது அடுத்த குற்றச்சாட்டு. இதற்கு ஆராய்ச்சி ஆதாரமும் உண்டு. அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழக உளவியலாளர் லிண்டா ஹென்கல், மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய்ச் சில பொருள்களைப் படம் எடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படம் எடுத்த பொருள்கள் அவர்களுக்குக் குறைவாகவே நினைவிருந்தன. 2014இல் வெளியான இந்த முடிவை எடுத்துக்கொண்டு ஃபோன் எதிர்ப்பாளர்கள் ஊர்வலமே போனார்கள். அதே ஆய்வின் இன்னொரு முடிவு ஊர்வலத்தில் எங்கோ தொலைந்துவிட்டது. பொருளின் ஒரு பகுதியை நெருக்கிக் காட்டி எடுத்தவர்களுக்கு நினைவு மங்கவில்லை. நெருக்கிக் காட்டாத பகுதிகளும்கூட நினைவில் நின்றன. இயந்திரம்போல அமுக்கினால் மறக்கும், எதை எடுப்பது என்று யோசித்து அமுக்கினால் மறக்காது என்றே நான் இதை வாசிக்கிறேன். ராட்சதச் சிற்பத்தை யோசிக்காமல் எடுக்கவே முடியாது. ஃபோனைச் சாய்க்காமல் பிடித்தால் படத்தின் கீழ்ப்பாதியைத் தரைக்கல் தின்றுவிடும், மேலே சிலந்தியின் தலை வெட்டுப்படும். சாய்த்தால் கால்கள் உச்சியை நோக்கிக் குறுகிப்போகும். பின்னால் நகர்ந்தால் ஆறு. இத்தனைக்கும் நடுவே ஆளையும் பொருத்த வேண்டும் என்றால், பார்க்காமல் எப்படி?

ஆளை நிறுத்தினால் அவர் சும்மா நிற்கிறாரா, கோமாளித்தனம் பண்ணுகிறாரே என்பார்கள். பண்ணட்டும். லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி கலை அருங்காட்சியகத்தில் மைக்கேல் ஹைசர் 2012இல் அமைத்த படைப்பு, 340 டன் எடையுள்ள ஒரு பாறை. தரையைச் சரிவாகத் தோண்டிய கான்கிரீட் பள்ளத்தின் மேலே அது உட்கார்ந்திருக்கிறது. நாம் அதன் அடியில் நடந்து போகலாம். வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? இரு கையையும் தூக்கி, பல்லைக் கடித்து, பாறையைத் தாங்குவதுபோல் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மாமல்லபுரத்தில் கிருஷ்ணனின் வெண்ணெய்ப் பந்துக்கு அடியில் நம்மவர்கள் காட்டுகிற அதே அபிநயம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. உயரத்தையாவது படத்தில் ஒருவாறு காட்டலாம். எடையை எப்படிக் காட்டுவது? தாங்க முடியாத ஒன்றைத் தாங்குவதுபோல் ஒருவர் பாசாங்கு செய்யும்போதுதான், பார்ப்பவரின் தோள் லேசாகக் கூசி, 340 டன் என்பது எண்ணிலிருந்து எடையாக மாறுகிறது. ஒரு கலை விமர்சகர் மூன்று பக்கத்தில் சொல்வதை அந்தக் கோமாளி மூன்று நொடியில் சொல்லிவிடுகிறார்.

ஆளை வைத்தாலும் அடங்காத சிற்பங்கள் உண்டு என்று ஒருவர் அனிஷ் கபூரின் 'மார்சியாஸ்' படைப்பைக் காட்டலாம். 2002இல் லண்டன் டேட் மாடர்னில், முன்பு மின் நிலையமாக இருந்த கட்டடத்தின் பெரிய கூடத்தை அது அடைத்துக்கொண்டு நின்றது. மூன்று எஃகு வளையங்களுக்கு நடுவே தோலுரித்த தசைபோல் இழுத்துக் கட்டிய சிவப்புப் பிவிசி விரிப்பு, ஏறத்தாழ 150 மீட்டர் நீளம். கொழும்பில் பிறந்த பொறியாளர் செசில் பால்மண்ட் அதன் கணக்குகளைப் போட்டுக் கொடுத்தார். எந்த மூலையில் நின்றாலும் முழுசாகப் பார்க்க முடியாதபடிதான் அதை அமைத்திருந்தார்கள். கண்ணுக்கே முழுதும் காட்டாததைக் கேமரா எப்படி முழுதும் காட்டும்? யானை பார்த்த குருடர் கதையில் குருடர்கள் செய்த தப்பு, தொட்ட பாகத்தை முழு யானை என்று சொன்னதுதான். அந்தச் சிவப்பு வாய்க்கு அடியில் அண்ணாந்து நிற்கும் ஒருவரோடு சேர்த்து ஒரு துண்டை மட்டும் எடுத்தால், இது துண்டுதான், மிச்சம் இன்னும் இருக்கிறது என்று படமே ஒப்புக்கொள்ளும்.

கடைசியாக, மரியாதை பற்றிய ஆட்சேபம். ஒரு கலைஞரின் ஆழ்ந்த துயரத்துக்கு முன்னால் இரண்டு விரலைக் காட்டி இளிப்பது தகுமா? பூர்ஷ்வாவின் தாயார் பழைய சித்திரத் திரைச்சீலைகளின் கிழிசல்களை இழை சேர்த்துச் செப்பனிடும் தொழில் செய்தவர். மகளுக்கு வயது இருபதைத் தாண்டியபோது, 1932இல், காலமானார். நூற்கிற சிலந்தியில் மகள் கண்டது அவரைத்தான். சிலந்தியின் வயிற்றுக்கு அடியில் ஒரு பை தொங்குகிறது. அதற்குள் பளிங்கு முட்டைகள். தூரத்தில் நின்று ஆள் விலகக் காத்திருப்பவர் கண்ணில் அவை சரியாகப் படாது. கால்களுக்கு நடுவே புகுந்து அண்ணாந்தால்தான் தெரியும். அங்கே போகிறவர் யார்? நம் படத்தைக் கெடுக்கிறார் என்று நாம் பல்லைக் கடிக்கும் அதே ஆசாமி. அவரைவிட முன்னதாக, காலுக்குக் கால் ஓடி ஒளிந்து விளையாடும் அவருடைய குழந்தை. அம்மா ஒன்பது மீட்டர் உயரமாகத் தெரிவது அந்த இடத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குத்தான். காலடியில் சின்னதாக ஓர் உருவம் இல்லாத படத்தில் நிற்பது வெறும் பூச்சி.

ஆகவே அடுத்த முறை ராட்சதச் சிற்பத்தின் முன்னால் மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் ஐஸ்கிரீமோடு வந்து நின்றால், மனத்துக்குள் நன்றி சொல்லிவிட்டு அமுக்குங்கள். ஹாஜி இஸ்மாயிலுக்குப் பீரங்கி காட்ட வேண்டியிருந்தது. இவர் யாரும் மிரட்டாமலே நிற்கிறார். ஐஸ்கிரீம் தீரும்வரை அசையவும் மாட்டார்.