பத்து நாளில் நிலைகுலைவது எப்படி? அமராவதிபுதூர்க்காரர்களுக்கு ஒரு கையேடு

அமராவதிபுதூரில் இருந்துகொண்டே ஒருவர் நிலைகுலைவது சிரமம். விடிந்தால் பால்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பத்து மணிக்கு அப்பத்தா சத்தம் போடுவார். மத்தியானம் தூங்கலாமென்று சாய்ந்தால் யாராவது கல்யாணப் பத்திரிகையோடு வந்து நிற்பார்கள். ஆளைத் தனியாக விடாத ஊர். ஆகவே முதல் காரியம், ஊரை விட்டுக் கிளம்புவது. காரைக்குடியில் திண்டுக்கல் பஸ் ஏறினால் திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் போய்ச் சேரலாம். காந்திகிராமத்துக்குப் பக்கத்தில் செட்டியபட்டியில் தம்ம மதுரா என்ற விபாசனா தியான மையம் இருக்கிறது. பத்து நாள் தங்க இடம், சாப்பாடு, எதற்கும் கட்டணம் இல்லை. வட்டிக் கணக்கில் வளர்ந்த நம் பக்கத்து ஆட்களுக்கு இலவசம் என்றதுமே சந்தேகம் தட்டும். இது நிஜமாகவே இலவசம்.

சரக்கும் நமக்கு அந்நியமில்லை. நம்மவர்கள் பர்மாவிலிருந்து தேக்கு கொண்டுவந்தார்கள், எஸ். என். கோயங்கா 1969இல் தியானம் கொண்டுவந்தார். மண்டலேயில் பிறந்த மார்வாடி வியாபாரி அவர். தீராத ஒற்றைத் தலைவலிக்கு வழி தேடிப் போய் ஊ பா கின்னிடம் சேர்ந்தார். ஊ பா கின், சுதந்திர பர்மாவின் அக்கவுண்டன்ட் ஜெனரல். கணக்கு அதிகாரி வழியாக வந்த தியானம் என்பதாலோ என்னவோ, கால அட்டவணை கறாராக இருக்கும். நாலு மணிக்கு மணி அடிக்கும், நாலரைக்கு உட்கார வேண்டும், ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. இடையில் சுமார் பத்து மணி நேரம் தியானம். பேச்சு, போன், புத்தகம், பேனா எதுவும் கூடாது.

போகிறவர்களில் பெரும்பாலோர் முதுகுவலியோடும் கொஞ்சம் நிம்மதியோடும் பத்திரமாகத் திரும்பிவிடுகிறார்கள். நமக்கு அது நடந்துவிடக் கூடாது. அதற்கான வழிகள் இவை.

முன்பயிற்சி எதுவும் வேண்டாம். வீட்டில் பத்து நிமிஷம்கூட உட்கார்ந்து பார்த்திராதவர் நேரே பத்து மணி நேரத்துக்குப் போவதுதான் உத்தமம். சமீபத்தில் சாவு, விவாகரத்து, கடன், தூக்கமின்மை ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள், அந்த வாரமே பதிவு செய்யுங்கள்.

அடுத்தது விண்ணப்பம். மனநோய் உண்டா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று அதில் கேட்பார்கள். "இல்லை" என்று எழுதுங்கள். பெண் பார்க்கும் படலத்தில் சித்தப்பாவின் நோயை மறைத்துப் பழகிய குடும்பங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. விதிமுறைகளை மட்டும் படித்துவிடாதீர்கள். இந்தப் பயிற்சி மருத்துவத்துக்கு மாற்று ஆகாது, கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை என்று அவர்களே அச்சிட்டிருக்கிறார்கள். படித்தால் காரியம் கெட்டுவிடும். மாத்திரையை யாரையும் கேட்காமல் கிளம்பும் அன்றே நிறுத்திவிடுங்கள். ஸ்கிசோஃப்ரினியா முன்பே இருந்து, மருந்தை விட்டுவிட்டுத் தீவிர தியானத்தில் இறங்கியவர்களுக்கு நோய் திரும்பியதை வால்ஷ், ரோச் என்ற இருவர் 1979லேயே எழுதிவிட்டார்கள்.

தூக்கத்தை ஒழிப்பது மிக முக்கியம். மூன்றாம் நாள் இரவு கண்ணை மூட முடியவில்லை, ஆனாலும் களைப்பே தெரியவில்லை, மனசு பறக்கிறது என்றால் சரியான பாதையில் போகிறீர்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம். தாய்லாந்தில் தியானத்துக்குப் பின் மனப்பிறழ்வுக்கு ஆளான மூன்று பேரைப் பற்றி 1999இல் மருத்துவர்கள் எழுதியபோது, அவர்கள் சுட்டிக்காட்டிய முதல் காரணம் தூக்கம் கெட்டதுதான்.

நாலாம் நாளிலிருந்து உண்மையான விபாசனா. ஒரு மணி நேரம் கை, கால் அசைக்காமல் உட்கார வேண்டும். இங்கேதான் சிலருக்கு உடம்பு முழுக்க மின்சாரம் ஓடும். சிலருக்குக் கை தன்னுடையதல்ல என்று தோன்றும், சுவரும் மரமும் சினிமா செட் மாதிரி தெரியும். காரணமே இல்லாமல் பெரும் பயம் கவ்வும். வீடியோவில் பேசும் கோயங்கா தனக்கு மட்டும் சேதி சொல்வதாகப்படும். எது வந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான்: முன்னேற்றம். பழைய சங்காரம், அதாவது மனசில் படிந்த வினைப்பதிவு, வெளியே போகிறது என்று சொல்லிக்கொண்டு இன்னும் கெட்டியாக உட்காருங்கள். கோயங்கா தம் உரைகளில் இதை மனசுக்கு நடக்கும் அறுவை சிகிச்சை என்பார், பாதியில் எழுந்து ஓடலாமா? ஆனால் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுப்பவர் சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, காலையில் என்ன சாப்பிட்டீங்க என்று துளைத்தெடுத்த பிறகுதான் ஊசியைத் தொடுவார். அதை இந்த நேரத்தில் நினைக்காதீர்கள்.

தியானம் ஆளைக் கவிழ்க்கவும் கூடும் என்பது புத்தருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்வதும் உதவும். பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில் வேசாலியில் நடந்ததாக ஒரு சம்பவம் வருகிறது. உடம்பின் அருவருப்பைத் தியானிக்கும் முறையைப் போதித்துவிட்டு புத்தர் அரை மாதம் தனித்திருக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் சங்கம் மெலிந்துபோயிருந்தது. பிக்குகள் பலர் தம் உடம்பையே வெறுத்து உயிரை விட்டிருந்தார்கள். ஆனந்தர் வேறு முறை சொல்லித்தரும்படி கேட்டார், புத்தர் மூச்சைக் கவனிக்கும் முறையைக் கொடுத்தார். அந்தச் சூத்திரத்தில் அவர் செத்தவர்களைக் குறை சொல்லவில்லை, பயிற்சியை மாற்றினார். அவர்கள் முற்பிறவியில் வேடர்களாக இருந்த பாவம் என்று கணக்கெழுதியது பின்னால் வந்த உரைகாரர்கள். முன்வினைக் கணக்கு எழுத எல்லாக் காலத்திலும் ஆள் கிடைப்பார்கள் போலிருக்கிறது. "உன் சங்காரம் கனமானது" என்று இன்று ஒருவரைப் பார்த்துச் சொல்கிறவரும் அந்த வரிசைதான். புத்தரோடும் இது நிற்கவில்லை. ஜப்பானில் 18ஆம் நூற்றாண்டு ஜென் குரு ஹாகுயின், ஜென் நோய் என்று பெயர் சொல்லியே தான் பட்ட பாட்டை எழுதிவைத்தார்.

இக்கால ஆய்வாளர்களையும் ஒதுக்கிவிடுங்கள். அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்து லிண்டால், பிரிட்டன் என்ற இருவரும் சகாக்களோடு 2017இல் வெளியிட்ட ஆய்வில், தியானிகள் சந்திக்கும் சங்கடமான அனுபவங்களை 59 வகையாகப் பிரித்தார்கள். 2020இல் ஃபரியாஸ் குழுவினர் 83 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பாதகம் நேர்ந்தவர்கள் சுமார் 8 சதவீதம். மனநல ஆலோசனையிலும் ஏறக்குறைய அதே அளவு பேருக்குப் பாதகம் வரும் என்று அவர்களே சொல்கிறார்கள். அங்கே வாரம் ஒரு மணி நேரம், வெளியே வந்தால் வீடு, வேலை, டீக்கடை. இங்கே நாள் முழுக்க, அதுவும் பேச்சு இல்லாமல். அளவு வித்தியாசத்தைக் கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள்.

கடைசியாக வீடு திரும்பல். தூங்காமல் ராத்திரியெல்லாம் பேசுகிறார், வேலையை விட்டுவிட்டேன் என்கிறார், சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்கிறார் என்றால் குடும்பத்தார் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பக்தி முற்றிவிட்டது என்று பெருமைப்படுவது. ஒரு மாதம் போனதும் திருஷ்டி கழித்து, தாயத்துக் கட்டி, அதற்கும் அடங்காவிட்டால் ஏர்வாடி தர்கா.

இந்த இடத்தில் கிண்டல் வரவில்லை. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடிக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அவர்களில் பலரைச் சொந்தக்காரர்கள்தான் கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

மேலே சொன்னதையெல்லாம் தலைகீழாகச் செய்கிறவர் தாராளமாகப் போகலாம். விண்ணப்பத்தில் உள்ளதை எழுதுங்கள், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். இரண்டு இரவு தூக்கம் போனால் ஆசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள், சரிப்படவில்லையென்றால் வெளியே வந்துவிடுங்கள். பாதியில் வந்ததற்காக யாரும் கேலி பேசினால் பேசட்டும். திரும்பி வந்தவரின் பேச்சும் நடப்பும் மாறியிருந்தால் சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அன்றைக்கே கூட்டிப்போங்கள். ராத்திரி என்றால் 14416க்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.