கருப்பு ஒயரை எங்க வச்சீங்க சார்?

மல்டி மீட்டர் வாங்கிவிட்டால் மட்டும் எலக்ட்ரீஷியன் ஆகிவிட முடியாது என்பது எங்கள் அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் உட்பட எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரிவதற்குத்தான் கொஞ்சம் காசு செலவானது. எவ்வளவு என்று என் மனைவி இன்னும் கூட்டிப் பார்க்கவில்லை. அவள் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

வண்டி பழைய பெட்ரோல் கார். ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு தாண்டி எண்பதில் போனால் டெம்பரேச்சர் முள் நடுவில் ஆணி அடித்தாற்போல நிற்கும். திரும்பி வரும்போது பெருங்களத்தூர் நெரிசலில் ஊர்ந்தால் மெல்ல ஏறும். இந்தத் தகவலிலேயே பாதி விடை இருக்கிறது. ஓடுகிற வண்டிக்கு எதிர்க்காற்றே போதும், ஃபேனுக்குப் பெரிய வேலை கிடையாது. நிற்கும்போதுதான் ஃபேன் சுற்றிக் காற்றை இழுக்க வேண்டும். ஆகவே ஓடும்போதும் ஹீட் ஆனால் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், அடைத்துக்கொண்ட ரேடியேட்டர் என்று தேடலாம். நின்றால் மட்டும் ஹீட் ஆனால் முதலில் ஃபேனைப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் நான் படித்திருக்கிறேன். கல்யாண வீடுகளில் மற்றவர்களுக்கு விளக்கியும் இருக்கிறேன்.

படித்தவன் முதலில் செய்தது, ஏசிக்கு கேஸ் நிரப்பியது.

காரணம் உண்டு. முள் ஏறுவதற்குச் சில வாரங்கள் முன்பே ஏசி மக்கர் பண்ண ஆரம்பித்திருந்தது. சிக்னலில் நின்றால் அனல், பச்சை விழுந்து வண்டி நகர்ந்தால் ஜில். ஏசியின் கண்டன்சர் ரேடியேட்டருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. என் வண்டியில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஃபேன். ஏசி போட்டால் என்ஜின் சூடேறக் காத்திராமல் ஃபேன் சுற்ற ஆரம்பிக்க வேண்டும். எனவே போனட்டைத் திறந்து வைத்துவிட்டு ஏசி பட்டனை அமுக்கியிருந்தால் விஷயம் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். நானோ கேஸ் போட்டுக்கொண்டு, ‘இப்ப பரவாயில்லை’ என்று வீட்டில் எல்லோரையும் சொல்ல வைத்தேன். பாவம், வேர்த்துக்கொண்டே சொன்னார்கள்.

ஒருவழியாக ஃபேன் சுற்றவில்லை என்பது உறுதியானது. ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன், 30 ஆம்பியர், நன்றாகவே இருந்தது. அடுத்தது ரிலே. ஹார்னுக்கும் ஃபேனுக்கும் என் வண்டியில் ஒரே மாதிரி ரிலே என்பதால் ஹார்ன் ரிலேயைக் கழற்றி ஃபேன் இடத்தில் சொருகினேன். இது மெக்கானிக்குகள் எல்லோரும் செய்கிற நியாயமான சோதனைதான். சோதனை முடிந்ததும் இரண்டாவது ரிலேயை ஹார்ன் இடத்தில் வைக்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம். அது என் சட்டைப் பையில் இருந்தது. சட்டை வாஷிங் மெஷினுக்குப் போனது. மறுநாள் காலை முடிச்சூர் ரோட்டில் ஒரு எருமைக்குப் பின்னால் நின்றுகொண்டு ஹார்னை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, ‘ஹேய், ஹேய்’ என்று கத்தினேன். எருமை திரும்பிப் பார்த்தது. பக்கத்து பஸ்காரர்களும் பார்த்தார்கள்.

பிறகு சென்சார் சோதனை. கூலண்ட் டெம்பரேச்சர் சென்சாரின் கப்ளரைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால், பல வண்டிகளில் கம்ப்யூட்டர் ‘சூடு எவ்வளவு என்று தெரியவில்லை, எதற்கும் இருக்கட்டும்’ என்று ஃபேனை ஓடவிடும். கழற்றினேன். ரிலே ‘டக்’ என்றது. ஃபேன் அசையவில்லை. ஒரு நல்ல எலக்ட்ரீஷியனுக்கு அந்த ‘டக்’ ஒரு முழு அறிக்கை. கம்ப்யூட்டர் கட்டளை போட்டுவிட்டது, ரிலேயின் காயிலுக்குக் கரெண்ட் போய்விட்டது, இனிமேல் குற்றவாளி ரிலேயின் காண்டாக்ட்டிலிருந்து மோட்டார் வரைக்கும், அல்லது மோட்டாரிலிருந்து திரும்பி வரும் வழியில் இருக்கிறான். எனக்கு அது ‘டக்’ என்று மட்டும் கேட்டது.

இந்தக் கட்டத்தில்தான் மல்டி மீட்டரை வெளியே எடுத்தேன். மஞ்சள் நிற ரப்பர் உறை போட்ட அழகான மீட்டர். ஃபேன் கப்ளரைக் கழற்றி, கருப்பு முனையை பேட்டரி மைனஸில் வைத்து, சிவப்பு முனையைக் கப்ளருக்குள் நுழைத்தேன். 12.4 வோல்ட். அப்புறம் பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து மோட்டாருக்கு டைரக்ட் கொடுத்தேன். ‘விர்’ரென்று சுற்றி, என் லுங்கி பறந்தது. கரெண்ட் வருகிறது, மோட்டாரும் நல்ல மோட்டார். ஆகவே, ஜெயித்த வக்கீல் குரலில் அறிவித்தேன்: “சென்சார் போயிடுச்சு.”

பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மகன், எட்டாவது படிக்கிறவன், கேட்டான். “அப்பா, சென்சாரைக் கழட்டிதானே வச்சிருக்கோம். அது இல்லாமலே கரெண்ட் வருதே?”

“டார்ச்சை ஒழுங்கா பிடி” என்றேன்.

மவுண்ட் ரோட்டை ஒட்டிய ஜி.பி. ரோட்டில் சென்சார் வாங்கினேன். ‘எலக்ட்ரிக்கல் சாமான் ரிட்டர்ன் கிடையாது’ என்று கல்லாவுக்கு மேலே பெரிதாக எழுதியிருந்தார்கள். பழைய சென்சாரைக் கழற்றியதும் பச்சைக் கூலண்ட் முழங்கை வழியாக வழிந்து தரையில் ஓடியது. நல்லவேளையாக என்ஜின் முழுக்க ஆறியிருந்தது. ரேடியேட்டர் மூடி உள்ளே ஏறத்தாழ ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால்தான் கூலண்ட் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூட்டோடு திறந்தால் அந்த நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும். நான் ஆற விட்டதற்குக் காரணம் இந்த அறிவு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். வாட்ச்மேன் பக்கத்திலேயே நின்று, “சார், தொடாதீங்க, சார், தொடாதீங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

புது சென்சாரிலும் ரிலே ‘டக்’ என்றது. ஃபேன் அசையவில்லை.

கடைசியில் தெருமுனையில் வயரிங் வேலை பார்க்கும் பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். நான் செய்த சோதனைகளை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே, ஒரு பழைய ஹெட்லைட் பல்பில் இரண்டு ஒயர் சாலிடர் பண்ணிய சாமானை எடுத்தார். ஃபேன் கப்ளரின் இரண்டு ஓட்டையிலும் இரண்டு ஒயரைச் சொருகினார். பல்பு ஊதுவத்தி நுனி மாதிரி சிவந்தது, அவ்வளவுதான். அப்புறம் ஒரு ஒயரை மட்டும் எடுத்து பேட்டரி மைனஸில் தொட்டார். கண் கூசுகிற வெளிச்சம்.

“சார், மீட்டர்ல பார்க்கும்போது கருப்பு ஒயரை எங்க வச்சீங்க?”

“பேட்டரி மைனஸ்ல, அண்ணே.”

“மோட்டாருக்கு டைரக்ட் கொடுத்தீங்களே, அப்ப?”

“அதுவும் பேட்டரியிலிருந்துதான்.”

அவர் சிரிக்கவில்லை. ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற பையன் சிரித்தான்.

மோட்டாருக்குப் போகிற கரெண்ட்டை மட்டுமே நான் விசாரித்திருக்கிறேன். அது திரும்பி வருகிற எர்த் வழியை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. இரண்டு சோதனையிலும் நல்ல எர்த்தை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். மீட்டரைக் கப்ளரின் இரண்டு பின்னிலும் வைத்திருந்தாலும் பெரும்பாலும் ஏமாந்திருப்பேன். டிஜிட்டல் மீட்டர் கரெண்ட்டே இழுக்காது என்று சொல்லலாம்; ஒயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் 12 வோல்ட் காட்டும். ஃபேன் மோட்டாருக்குப் பத்து ஆம்பியருக்கு மேல் வேண்டும். இடையில் அரை ஓம் துரு இருந்தால் போதும், பத்து ஆம்பியருக்கு ஐந்து வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். வாரா வாரம் பாசமாகப் போன் பண்ணுகிற சொந்தக்காரரிடம் கைமாற்று கேட்டுப் பார்ப்பது மாதிரிதான் இது. பெரியவரின் ஹெட்லைட் பல்பு ஐந்து ஆம்பியர் அளவுக்குக் கேட்டது, ஒயரின் யோக்கியதை தெரிந்துவிட்டது.

மீட்டர் மேல் பழி போட முடியாது. கப்ளரை மாட்டியபடியே, ஃபேனுக்குக் கரெண்ட் போகிற நேரத்தில், மோட்டாரின் கருப்பு ஒயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே மீட்டரை வைத்திருந்தால் கால் வோல்ட்டுக்குள் காட்டியிருக்க வேண்டும். என் வண்டியில் பெரிய எண்ணாகக் காட்டியிருக்கும், மீட்டர் காசுக்கு அன்றே கணக்குத் தீர்ந்திருக்கும்.

ஹெட்லைட்டைக் கழற்றினார். பின்னால் பாடியில் ஒரு போல்ட், அதன் அடியில் எர்த் ஒயரின் வளையம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணீர் பம்பர் வரைக்கும் நின்றபோது நான் மாடியிலிருந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். என்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை என்று பெருமையாக எல்லோருக்கும் அனுப்பவும் செய்தேன். தண்ணீர் இந்த போல்ட்டில் குடியிருந்திருக்கிறது. வளையம் பச்சை பூத்து, போல்ட் துருவேறி, இரண்டுக்கும் நடுவில் ஒரு பழுப்புப் பொடி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், ஒயர் நுனியை வெட்டிப் புது லக் போட்டு முறுக்கினார், மேலே வாசலின் தடவினார். ஏசி பட்டனை அமுக்கச் சொன்னார். ஃபேன் சுற்றியது. கூலி இருநூறு ரூபாய். “சென்சாரைப் பத்திரமா வைங்க சார், பின்னால உதவும்” என்றார். பழைய சென்சாரைச் சொல்கிறாரா புதுசைச் சொல்கிறாரா என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.

அதற்கப்புறமாவது சும்மா இருந்திருக்கலாம். போன மாதம் இரண்டாவது மாடிக்காரர், புது கார் வைத்திருப்பவர், “என்ஜினை ஆஃப் பண்ணின பிறகும் ஃபேன் ஓடுது சார்” என்றார். நான் போனட் மேல் காது வைத்துக் கேட்டுவிட்டு, ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது, உடனே மாற்றாவிட்டால் பேட்டரி காலி என்றேன். அப்படி ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஆனால் சில வண்டிகளில் சூடான என்ஜினை ஆற்றுவதற்காக, நிறுத்திய பிறகும் ஓரிரு நிமிடம் ஃபேனை ஓட வைக்கத்தான் செய்கிறார்கள். அவர் வண்டியின் கையேட்டிலேயே அப்படிப் போட்டிருக்கிறதாம். அதை அவர் ரிலேயை மாற்றிய பிறகு படித்திருக்கிறார். இப்போதெல்லாம் லிஃப்டில் பார்த்தால் மழையைப் பற்றி மட்டும் பேசுகிறார்.