கைப்பேசியில் ஒரு திண்ணை

வீட்டுக்குக் கேமரா வைத்து அதைக் கைப்பேசியில் பார்க்கிறவரைக் கண்டுபிடிப்பது சுலபம். கல்யாணப் பந்தியில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில், எச்சில் படாத இடது கையால் கைப்பேசியை எடுப்பார். திரை நான்கு கட்டமாகப் பிரிந்திருக்கும்: வாசல், மாடிப்படி, கார் நிற்கும் இடம், கொல்லைப்புறம். எந்தக் கட்டத்திலும் ஒன்றும் நடக்காது. அந்த ஒன்றுமில்லாததைப் பக்கத்து இலைக்காரருக்கும் காட்டுவார்: "பாருங்க, நம்ம வீடு. லைவ்." பக்கத்து இலைக்காரர் ஒரு பூட்டிய கேட்டைப் பார்த்து "அடேங்கப்பா" என்று சொல்லித்தான் ஆக வேண்டும். எதற்கு இதெல்லாம் என்று கேட்டால், "திருட்டு பயம் சார்" என்பார். இந்தக் காரணத்தை அப்படியே ஒப்புக்கொள்வதற்கில்லை. அவருடைய நடவடிக்கையைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் திருடன் வெறும் சாக்கு என்று தெரியும். அவருக்கு வேண்டியது, வீட்டில் இல்லாத நேரத்திலும் வீட்டை நிர்வாகம் செய்யும் பதவி.

திருட்டைத் துப்பறியக் கேமரா உதவும் என்பதில் சந்தேகமில்லை. சென்னைப் போலீஸ் 'மூன்றாவது கண்' என்று பெயர் வைத்துத் தெருத் தெருவாகக் கேமரா மாட்டச் சொன்னது அதனால்தான். ஆனால், திருட்டுப் போன வீட்டுக்கு வரும் இன்ஸ்பெக்டர் கேட்பது நேற்று ராத்திரிப் பதிவை. அது டிவி ஸ்டாண்டுக்கு அடியில் கிடக்கும் டிவிஆர் பெட்டிக்குள் இருக்கிறது. ஒரு கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்று கணக்கு வைத்தால், நான்கும் சேர்ந்து ஒரு நாளைக்கு 86 ஜிபி சொச்சம் எழுதும். 1 டிபி ஹார்டு டிஸ்க் பதினோரு நாள் தாங்கும். அப்புறம் பழையதை அழித்து எழுதும். இவ்வளவுக்கும் இன்டர்நெட் துளிகூட வேண்டாம். திருடன்தான் கவலை என்றால், டிஸ்க் ஓடுகிறதா, பெட்டி சரியான தேதி காட்டுகிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். அதைத்தான் அவர் பார்ப்பதே இல்லை. டிஸ்க் செத்து ஆறு மாதமாகிவிட்ட சங்கதி திருட்டு நடந்த மறுநாள்தான் அவருக்குத் தெரியவரும். லைவ் மட்டும் அதுவரை அமோகமாக ஓடியிருக்கும்.

அந்த லைவுக்காக அவர் படும் பாட்டையும் பார்க்க வேண்டும். கேமரா மாட்ட வந்த பையன் ஏணியிலிருந்து இறங்கி, வைஃபை பாஸ்வேர்டு கேட்டு வாங்கி, பெட்டியில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, "அவ்ளோதான் சார், அமெரிக்காவுல இருந்துகூட பாக்கலாம்" என்று கையில் கொடுத்துவிட்டுப் போவான். பெரும்பாலோர் அதோடு திருப்தியடைந்துவிடுவார்கள். இந்த இனத்தில் முற்றிய ரகம் ஒன்று உண்டு. படம் எங்கேயோ இருக்கும் ஒரு கம்பெனியின் சர்வர் வழியாகச் சுற்றி வருகிறது என்று யாராவது காதில் போட்டுவிட்டால், நேர்வழி போடக் கிளம்பிவிடுவார். 192.168.1.1 என்று அடித்து ரௌட்டருக்குள் நுழைவார். போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தில் 80, 554 என்று கட்டங்களை நிரப்புவார். படம் வராது. பழைய முறை ஐபி முகவரிகள் உலகத்துக்கே மொத்தம் 429 கோடிதான். அதனால் இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்திவைக்கின்றன. அதற்கென்றே 2012ல் 100.64 முதல் 100.127 வரை ஒரு தொகுதியை ஒதுக்கினார்கள். ரௌட்டரின் வெளிமுகவரி அந்த வரிசையில் இருந்தால், இவர் எத்தனை போர்ட்டைத் திறந்து வைத்தாலும் வெளியிலிருந்து யாரும் வந்துசேர முடியாது. பத்திரம் தன் பெயரில், பட்டா தன் பெயரில், முகவரி மட்டும் ஊருக்குப் பொது என்பதை அவரால் தாங்க முடிவதில்லை. கஸ்டமர் கேரில், "ரௌட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பார்கள். கடைசியில் தனியாகக் காசு கட்டி ஸ்டேட்டிக் ஐபி வாங்குவார். கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் அப்போதும் ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

இந்தக் கருவிக்குப் பூர்வீகம் இரண்டு. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இருந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற நர்ஸ், கூப்பிட்டால் போலீஸ் சீக்கிரம் வராத நிலையில், கதவைத் தட்டுவது யாரென்று உள்ளிருந்தே பார்க்கக் கணவரோடு சேர்ந்து ஒரு கேமரா அமைப்பை உருவாக்கினார். 1969ல் காப்புரிமை கிடைத்தது. இன்னொன்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினிக் கூடத்தில் 1991ல் வைத்தது: பாத்திரத்தில் காபி மிச்சம் இருக்கிறதா என்று இருந்த இடத்திலேயே தெரிந்துகொள்ள ஆராய்ச்சியாளர்கள் செய்த ஏற்பாடு. 1993ல் அது இணையத்துக்கு வந்து, 2001 வரை உலகத்துக்கே அந்தப் பாத்திரத்தைக் காட்டியது. முதலாவது, உள்ளே இருப்பவர் வெளியே பார்க்க. இரண்டாவது, வேறெங்கோ இருப்பவர் உள்ளே பார்க்க. நம்மவர் பிரவுன் அம்மையார் சொன்ன காரணத்தைச் சொல்லி வாங்கி, காபிப் பாத்திரத்துக்கு வைத்துக்கொண்டிருக்கிறார். அவர் வீட்டுக்குப் போடும் போன்களே சாட்சி. "அம்மா, கேட்டை ஏன் சாத்தல?" "வேலைக்கு வர்ற அக்கா ஒன்பது இருபதுக்குத்தான் வந்தாங்க போல?" "மோட்டார் ரொம்ப நேரமா ஓடுதே?" "கொரியர்காரர்கிட்ட என்ன அவ்ளோ நேரம் பேச்சு?" ஒன்றில்கூடத் திருடன் இல்லை. "டேய், நீ அங்க வேலையப் பாக்குறியா, என்னையப் பாக்குறியா?" என்று அம்மா கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆட்சேபம் வரும். திருடன் சுவரேறும்போதே அலாரம் வருமே என்பது ஒன்று. வரும்தான். பல்லி ஓடினாலும் வரும். கொடியில் வேட்டி ஆடினாலும் வரும். ராத்திரி அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வர, பூச்சிக்காகச் சிலந்தி வர, லென்ஸின் முன்னால் அது கட்டும் வலை அசைந்தாலும் வரும். முதல் வாரம் எல்லாவற்றையும் திறந்து பார்ப்பார். அடுத்த வாரம் மியூட். அதற்கப்புறம் பல்லிக்குக் கிடைக்கும் மரியாதைதான் திருடனுக்கும். மியூட் செய்யாமல் பார்த்தே விட்டார் என்றாலும், சிங்கப்பூரில் இருப்பவர் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் போடுவதைத் தவிர என்ன செய்ய முடியும்? அந்தப் பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை நின்று வெகுநாளாயிற்று, இரண்டாம் நம்பர் கேமரா அவர்கள் வாசலைப் பார்த்து நிற்கிற காரணத்தால். இன்னொரு ஆட்சேபம் கனமானது: பிள்ளைகள் வெளியூரில், வயதான பெற்றோர் தனியாக, விழுந்தால் யாருக்குத் தெரியும்? இதை மறுக்க முடியாது. ஆனால் அதற்கான கேமரா, அவர்கள் சம்மதத்தோடு கூடத்தில் இருக்க வேண்டும். அதைப் பார்க்கிறவர் பேச்சை முழங்கால் வலியிலிருந்து தொடங்க வேண்டும். இவருடைய நான்கும் வீட்டுக்கு வெளியே இருக்கின்றன. பேச்சும் கேட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

ஆக, இவர் புது ஆள் இல்லை. வருகிறவர் போகிறவரையெல்லாம் விசாரித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர்தான். வீடுகளில் திண்ணை போய்விட்டதால் கைப்பேசிக்குள் குடியேறியிருக்கிறார். ஆனால் அந்தப் பெரியவர் எல்லாரும் பார்க்கும்படி உட்கார்ந்திருந்தார். எத்தனை மணிக்குக் கண்ணயர்வார் என்று வீட்டுக்கே தெரியும். அதற்கேற்ப மற்றவர்கள் தங்கள் காரியத்தைப் பார்த்துக்கொண்டார்கள். இவர் எப்போது பார்க்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எப்போதும் பார்ப்பதாகவே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தன்னோடு சேர்ந்து வேறு யார் பார்க்கிறார்கள் என்பது இவருக்கும் தெரியாது. "பாஸ்வேர்டை மாத்தாதீங்க சார், சர்வீஸுக்கு வந்தா எங்களுக்குத் தெரியணும்" என்று பையன் சொன்னதைத் தட்டாமல் கேட்டிருக்கிறார். 2016ல் மிராய் என்ற தீநிரல், அட்மின் என்பது போலக் கம்பெனி போட்டுக் கொடுத்த அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் போட்டுப் பார்த்தே உலகெங்கும் கேமராக்களையும் டிவிஆர் பெட்டிகளையும் வசப்படுத்தியது. அந்த அக்டோபர் 21 அன்று அவை, இணையதளப் பெயர்களுக்கு முகவரி தேடித்தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில், அமெரிக்காவில் ட்விட்டரும் நெட்ஃப்ளிக்ஸும் பலருக்குத் திறக்கவில்லை. கேமராவின் சொந்தக்காரர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டு லைவில் ஒரு குறையும் இல்லையே!

இதற்கு வைத்தியம் அரை மணி நேர வேலை. பாஸ்வேர்டை மாற்ற வேண்டும், ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க வேண்டும், போர்ட்டைத் திறந்து போடாமல் விபிஎன் வழியாக வர வேண்டும், பக்கத்து வீட்டாரோடு ராசியாக வேண்டும். கடைசியைத் தவிர மற்றதெல்லாம் அவரால் முடியும். அவர் காவல் காக்கிறாரா, அதிகாரம் செய்கிறாரா என்று தெரிந்துகொள்ளவும் ஒரு சோதனை இருக்கிறது. "தப்பு பண்ணாதவங்களுக்குக் கேமராவைப் பார்த்து என்ன பயம்?" என்று அடிக்கடி சொல்பவர் அவர். ஆகவே ஐந்தாவது கேமரா ஒன்றை அவருடைய ஆபீஸ் மேஜைக்கு எதிரே மாட்டி, அந்த ஆப்பை அம்மாவின் போனிலும் மனைவியின் போனிலும் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். "ஆபீஸ்ல அதெல்லாம் அலவ் பண்ண மாட்டாங்க" என்பார். வீட்டில் அலவ் பண்ணினார்களா என்று அவர் கேட்டதே இல்லை.