இடிக்கட்டுமா, இருக்கட்டுமா?

கே: தாத்தா காலத்து வீடு. சுவரின் அடிப்பகுதியில் எப்போதும் ஓதம். மூன்று தடவை சிமெண்டு பூசியாயிற்று. மூன்று தடவையும் உப்பு பூத்து உதிர்ந்துவிட்டது. வாஸ்துக் கோளாறாக இருக்குமோ?
- வாசகர், ஈஸ்வரன் கோயில் வீதி

ப: வாஸ்துவை விட்டுவிடுங்கள், பாவம். கோளாறு அந்த மூன்று பூச்சில்தான் இருக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது காற்றில் காய்ந்துவிடும். சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறும். கூடவே வந்த உப்பு பூச்சுக்கு அடியில் படிகமாகி, பூச்சையே பெயர்த்துத் தள்ளும். நீங்கள் நான்காவது முறை பூசினாலும் அதுவும் நான்காவது முறை தள்ளும்.

முதலில் குளியலறைக் குழாய் கசிகிறதா, சாக்கடை சுவரோரம் தேங்குகிறதா என்று பாருங்கள். பல வீதிகளில் ரோடு போடும்போதெல்லாம் வீட்டு வாசலில் ஒரு படி காணாமல் போகிறது. மழைத் தண்ணீர் திண்ணைக்கு விருந்தாளியாக வருவது அதனால்தான். அதைச் சரிசெய்த பிறகு, ஓதம் ஏறிய உயரத்துக்கு மேலும் இரண்டடி வரை சிமெண்டைக் கொத்தி எடுங்கள். ஒரு கோடை முழுக்கச் சுவர் அம்மணமாகக் காயட்டும். உறவினர் என்ன சொல்வார்களோ என்ற கவலை வேண்டாம். அப்புறம் சுண்ணாம்பும் மணலும் கலந்து பூசி வெள்ளையடியுங்கள். 'துடைத்தால் அழுக்கு போகும்' பெயிண்ட் மட்டும் அந்தச் சுவருக்கு ஆகாது.

கே: சுண்ணாம்பு வேலை மலிவு என்கிறீர்கள். மேஸ்திரி சொன்ன கூலியைக் கேட்டு எனக்குத் தலைசுற்றல்.
- வாசகி, முத்தியால்பேட்டை

ப: மலிவு என்று நான் எங்கே சொன்னேன்? சுண்ணாம்பை நீற்ற வேண்டும், ஊற வைக்க வேண்டும், பூசிய பின் காத்திருக்க வேண்டும். கை தெரிந்த ஆளும் குறைவு. மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது: தேக்குக் கதவு, உத்திரம், செங்கல் எதையும் மறுபடி வாங்க வேண்டியதில்லை. இடித்துவிட்டு அதே தேக்கை இன்று விலை கேட்டுப் பாருங்கள், அதற்கு முன்னால் மேஸ்திரி கூலி காபிக் காசு. ஆள் கிடைக்கவில்லையென்றால் புதுச்சேரியிலேயே இருக்கும், பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பினரிடம் விசாரியுங்கள்.

கே: மெட்ராஸ் டெரஸ் ஒழுகுகிறது. இன்ஜினியர் "தூக்கிப்போட்டு கான்கிரீட் போடுங்க சார்" என்கிறார்.

ப: அவர் மாடி ஏறிப் பார்த்துவிட்டுச் சொன்னாரா, கீழே காபி குடித்துக்கொண்டே சொன்னாரா? மரச்சட்டங்களை நெருக்கி அடுக்கி, செங்கல்லை நெட்டுக்குத்தாக மூலைவாட்டில் வைத்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடித்து இறுக்கிய தளம் அது. அதன்மேல் தட்டோடு. பெரும்பாலும் ஒழுகுவது தளம் அல்ல. தட்டோட்டின் இடுக்கும், அடைத்துக்கொண்ட தூம்பும், கைப்பிடிச் சுவரில் வேர்விட்ட அரசங்கன்றும்தான். இடுக்குகளைச் சுரண்டிச் சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்து அடையுங்கள். சட்டங்களைத் தட்டிப் பாருங்கள், சுவருக்குள் போகும் முனையை முக்கியமாக. 'பொத் பொத்' என்று கேட்பதை மட்டும் மாற்றினால் போதும். ஒழுகலுக்கு மருந்தென்று மேலே மேலே சிமெண்டு போட்டால் பாரம் ஏறி உத்திரம் வளையும்.

அசட்டையாக விடவும் கூடாது. கடற்கரைச் சாலையில் 'மேரி' என்று பிரெஞ்சுப் பெயரில் அழைக்கப்படும் நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்தது. அதே முகத்தோடு புதிதாகக் கட்டித் திறக்க 2021 ஆயிற்று. அரசாங்கத்தால் காத்திருக்க முடியும், உங்களால் முடியுமா?

கே: ஏ.சி. இல்லாமல் புதுச்சேரியில் தூங்க முடியுமா?

ப: அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதியில் தூங்குகிறார்கள். அன்டோனின் ரேமண்ட் 1930களில் வடிவமைத்த கான்கிரீட் கட்டடம். சுவருக்குப் பதில் திருப்பி மூடும் பட்டைகள், கூரைக்கு மேல் இன்னொரு ஓட்டுக் கூரை. உங்கள் வீட்டில் அதே வேலையை முற்றமும் தாழ்வாரமும் செய்துகொண்டிருந்தன. முற்றத்தை பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடிய அன்றைக்குத்தானே ஏ.சி. வாங்கினீர்கள்?

கே: ஆரோவில் மண் கல்லில் மேல்மாடி எழுப்பலாமா?

ப: நல்ல கல். மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமெண்டு, அழுத்தும் மெஷின், சில வாரம் ஈரத்தில் பதம், சூளை கிடையாது. ஆனால் சுற்றுச்சூழலுக்கு நல்ல கல் என்பதால் கனம் குறைந்துவிடாது. கீழ்ச்சுவர் தாங்குமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் சொல்லட்டும், பத்திரிகைக்காரன் அல்ல.

கே: பாரிசில் இருக்கும் தம்பி, "இடிச்சு ஃப்ளாட் கட்டலாம்ண்ணே" என்று விடாமல் நச்சரிக்கிறான்.

ப: அவர் அங்கே தன் வீட்டுத் தெருப்பக்க ஜன்னலை மாற்றுவதென்றால் நகராட்சிக்கு மனு போட வேண்டும். இங்கே வீட்டையே இடிக்க வாட்ஸ்அப் போதும் என்று நினைக்கிறார்! லீவில் வந்தால் வைசியாள் வீதிக்கு அழைத்துப் போங்கள். 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றிய உதவியில், இத்தாலியின் உர்பினோவும் பிரான்சின் வில்நெவ்-சுர்-லோவும் கைகொடுக்க, அந்த வீதியின் திண்ணையும் தாழ்வாரமும் வாசல் முகப்பும் மீண்டன. ஐரோப்பியர் செலவழித்ததைப் பார்த்தால் தம்பிக்குக் கொஞ்சம் மரியாதை வரும். அதற்குப் பிறகும் "என் பங்கைப் பிரிச்சுக் கொடுண்ணே" என்றால், அந்தக் கேள்வி நம் சட்டப் பகுதிக்குரியது. தபால்தலை ஒட்டி அங்கே அனுப்புங்கள்.