இன்னும் அஞ்சு பாக்கி

தாலி கட்டும் நேரம். மண்டபமே செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. தூணோரம் ஒருவர் மட்டும் கையைத் தூக்காமல் நிற்கிறார். கழுத்தில் நிக்கான் எஃப்-2 கேமரா. கழுத்து முன்னால் வளைந்திருப்பதைப் பணிவு என்று நினைத்துவிடாதீர்கள். லென்ஸோடு சேர்த்து ஒரு கிலோவைத் தாண்டும் பாரத்தை நாற்பது வருஷம் சுமந்த கூன் அது.

ஊருக்கு ஒருவர் இப்படி உண்டு. “இது இன்னும் ஓடுதா சார்?” என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடக் கூடாது. பந்தி முடிந்துவிடும்.

“1971-ல வந்தது தம்பி. ஷட்டருக்குப் பேட்டரியே வேணாம். அத்தனையும் ஸ்பிரிங்கு, பல்சக்கரம்” என்று ஆரம்பிப்பார். ஷட்டர் சத்தத்தை வாயாலேயே ‘ச்ளக்’ என்று போட்டுக் காட்டுவார். அமுக்கிக் காட்டலாம்தான்; உள்ளே பிலிம் இருக்கிறதாம், வீணாகிவிடுமாம். மூலையில் கறுப்புப் பெயின்ட் தேய்ந்து பித்தளை பல்லிளிக்கும். அதை விழுப்புண்ணைத் தடவுவதுபோல் தடவிக்கொள்வார்.

பிறகு போர்க்களத்துக்குப் போவார். டான் மெக்கலின் என்ற இங்கிலாந்துக்காரர் கம்போடியாவில் படமெடுக்கப் போனபோது, அவர் மேல் பாய வேண்டிய குண்டை நிக்கான் எஃப் வாங்கிக்கொண்டது. “உங்க செல்போன் வாங்குமா?” என்பார். செல்போனை எடுத்துக்கொண்டு போருக்குப் போகும் உத்தேசம் நமக்கு இல்லை. ஆனாலும் குற்றவாளிபோல் அதைச் சட்டைப் பைக்குள் தள்ளுகிறோம்.

ஹாசல்பிளாடு கேமரா வேறு கம்பெனிதான். அதற்காகவும் துக்கப்படும் பெரிய மனசு அவருக்கு. 1969-இல் நிலவுக்குப் போனவர்கள், திரும்பும்போது கனம் குறைய பிலிம் பெட்டியை மட்டும் கழற்றிக்கொண்டு கேமராவை அங்கேயே விட்டுவிட்டார்கள். “பாறாங்கல்லைத் தூக்கிட்டு வந்தானுங்க, கேமராவைப் போட்டுட்டு வந்துட்டானுங்க!” பெற்ற பிள்ளையைத் திருவிழாவில் தொலைத்தவர் குரல்.

வீட்டு ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் நாலு டப்பா இருக்கும். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் செய்த இந்து கறுப்பு வெள்ளை பிலிம். ஆலையையே இழுத்து மூடியாயிற்று. டப்பாவை எடுத்துப்போட மாமிக்கு இன்னும் உத்தரவு கிடைக்கவில்லை.

அதில் ஐந்தாவது ரோல்தான் கேமராவுக்குள் இருப்பது. முப்பத்தாறில் முப்பத்தொன்று ஆகிவிட்டது. “இன்னும் அஞ்சு பாக்கி. கண்டதுக்கெல்லாம் செலவழிக்க முடியுமா?”

பேரன் முதல் பிறந்தநாளுக்குக் கண்ணருகே கொண்டுபோனார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வளையத்தைத் திருப்பினார், ஒரு காலைப் பின்னால் வைத்தார், முகம் சுளித்தார். “வெளிச்சம் பத்தல” என்று இறக்கிவிட்டார்.

பேரன் போன மாதம் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தான். வாசலில் நல்ல வெயில். தாத்தா கேமராவை எடுத்தார்.

“வெளிச்சம் ஜாஸ்தி” என்றார்.